செய்த தொழில் யாவும் சொல்லத்தக்கனவே

ஒருவரை முதன்முறையாகச் சந்திக்குங்கால் நம் நாட்டார் வினவும் வினாக்கள் மூன்று. ஊர் யாது, பேர் யாது, உத்தியோகம் யாது என்பன அவை. முன்னிரண்டிற்கும் ஒரு சொல்லில் விடை கூறுதல் எளிது. மூன்றாவதற்கும் ஒரு சொல்லிலேயே விடை கூறுவது வழக்கமாயினும், அவ்விடை முழு உண்மையாதல் அரிது. நாற்பதாண்டு உழைத்து ஓய்ந்த ஒருவர் தாம் இறுதியில் வகித்த பதவியின் பெயரைச் சொல்லி அமைகின்றார். அப்பதவியை அடையுமுன் அவர் கடையிற் கணக்கெழுதியதும், பிறர் பிள்ளைகட்கு மாலையிற் பாடஞ் சொல்லிக் கொடுத்ததும், விடுமுறை நாட்களில் தந்தையுடன் வயலில் இறங்கியதும் அவ்விடையில் இடம்பெறுவதில்லை. மற்றொருவரோ, தம் வாழ்நாளிற் பதினைந்து தொழில்கள் செய்தும், ‘நான் ஒன்றும் செய்யவில்லை, கூலிதான்’ என்று தலைகுனிந்து கூறுகின்றார். இவ்விருவர் விடையும் குறையுடையனவே. ஒருவர் தம் வாழ்வில் செய்த தொழில்கள் அனைத்தையும், சிறியவை பெரியவை என்னும் வேற்றுமையின்றி, ஒருமுறையேனும் வரிசையாக எண்ணிப் பார்த்தலும், எண்ணியவற்றை எழுதிவைத்தலும் இன்றியமையாதன என்பதே இக்கட்டுரையிற் கூறப்புகுந்த பொருளாம்.

தொழிலைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பல. வேலை, பணி, தொழில், ஊழியம், உத்தியோகம், கூலி என்னும் இவை ஒருபொருள் குறித்தன போலத் தோன்றினும், மக்கள் மனத்தில் இவற்றிற்கு ஏற்றத்தாழ்வு உண்டு. திங்கள்தோறும் சம்பளம் தருவது உத்தியோகம். பொழுது சாயுங்கால் கையில் தருவது கூலி. திருச்சபையைச் சார்ந்த நாம் ஊழியம் என்பதை இறைபணிக்கே உரிய சொல்லாக வைத்துக் கொண்டோம். விந்தை யாதெனில், செய்யுஞ் செயல் ஒன்றாகவே இருப்பினும் செய்பவர் யார் என்பது பற்றிப் பெயர் மாறிவிடுகின்றது. அரசாங்கத் தோட்டத்தில் மரக்கன்று நடுபவர் உத்தியோகஸ்தர் எனப்படுகின்றார். தம் மலைக்காட்டில் நூறு மிளகுக்கொடி நட்டு வளர்த்தவரைப் பற்றிக் கேட்டாலோ, ‘அவர் ஊரில் சும்மா இருக்கின்றார்’ என்று விடை வருகின்றது. பெயர் இல்லாத உழைப்பு நினைவிலும் நில்லாது போகின்றது.

இதனைத் தெளிய உணர்தற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் வத்தல்மலை நிற்கின்றது. கொண்டையூசி வளைவுகள் பலவற்றைக் கடந்து செல்லும் சாலையில் ஏறினால் பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு முதலிய சிற்றூர்களைக் காணலாம். அங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் ஒத்திருத்தலால் இவர்களைக் கேரள நாட்டாரெனப் பிழைபடக் கருதுவாரும் உளர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் அது. அவர் பேசுவதும் தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர் என்பது அவர்களிடை வழங்கும் பழங்கதை. சாமையும் கேழ்வரகும் அவர்தம் பழைய பயிர்கள். காப்பியும் மிளகும் பின்னர் வந்து பெருகியவை.

இத்தகைய மலையூரில் அறுபது வயது கடந்த ஒருவரை அமரச்செய்து, ‘ஐயா, நீர் பிறந்தது முதல் செய்த வேலைகளையெல்லாம் ஒன்றுவிடாமற் சொல்லும்’ என்று கேட்பின் யாது நிகழும்? முதலில் அவர் நகைப்பார். பின்னர்ச் சொல்லத் தொடங்குவார். ஆடு மேய்த்தது முதல் வேலையாக இருக்கும். அடுத்துச் சரிவில் ஏர் பிடித்தது. மேட்டு நிலத்தில் ஏர் பிடிப்பது சமவெளியில் பிடிப்பது போன்றதன்று, மண் மழைநீரோடு இறங்காதபடி குறுக்கே உழ வேண்டும். இரவில் பரண்மேல் அமர்ந்து காட்டுப்பன்றியை விரட்டியது. சாலை இல்லாத காலத்தில் விளைந்ததைத் தலைச்சுமையாக அடிவாரத்திற்குக் கொண்டு போனது. நோயுற்றாரைத் தூளிகட்டித் தோளிற் சுமந்து இறக்கியது. காப்பித் தோட்டத்தில் நிழல்மரம் கழித்தது. மழை பொய்த்த ஆண்டில் குடகுக்கோ கேரளத்திற்கோ சென்று தோட்டக்கூலியாகவும் கட்டடக்கூலியாகவும் உழைத்தது. திரும்பி வந்து சாலைக்குக் கல் உடைத்தது என இவ்வாறு வரிசை நீளும். இவற்றுள் ஒவ்வொன்றிற்கும் தனித் திறமை உண்டு. காப்பிப்பழம் பறிப்பதை எளிதென்று கருதற்க. ஒரே கிளையில் பழுத்ததும் காயும் கலந்து நிற்கும். செம்பழத்தை மட்டும் கிள்ளிப் பச்சைக்காயை விட்டுவைத்து, அடுத்த வாரம் மீண்டும் அதே செடிக்கு வர வேண்டும். மிளகிலோ சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தவுடன் சரம் முழுவதையும் பறித்தல் வேண்டும். பிந்தினால் மணி உதிரும், பறவை கொள்ளும். முந்தினால் உலர்ந்தபின் எடை குறையும். இவற்றை அறிந்தவரை அறியாதவர் என்றும், இவற்றைச் செய்தவரை ஒன்றும் செய்யாதவர் என்றும் நம் கணக்கேடு கூறுமாயின், குறை அக்கணக்கேட்டினதே.

அவருடைய மனைவியாரை இதே வினாவால் கேட்பின் நிலைமை இன்னும் கடினமாகும். அவர் ‘வீட்டிலே இருக்கிறேன்’ என்பார். ஆயின் சாமைத் தாளை அறுத்தவரும், உரலில் இட்டு உமி நீங்கக் குத்தியவரும் அவரே. சாமையின் உமி கடிது. நெல்லைப்போல எளிதில் விட்டுப்போகாது. மலைப்பெண்டிரின் தோள்வலியே அதனைச் சோறாக்கியது. ஊற்றிலிருந்து நீர் சுமந்ததும், விறகு பொறுக்கியதும், மிளகைப் பாயிற் பரப்பி மழைமேகங் கண்டபோது ஓடி அள்ளியதும், ஐந்து மக்களைப் பெற்று வளர்த்ததும், இரவில் மாமியாரின் நோய்க்குத் துணையிருந்ததும் அவர் தொழில்களே. இவற்றுள் எதற்கும் எவரும் அவருக்குச் சம்பளச் சீட்டு எழுதித் தந்திலர்.

அரசாங்கக் கணக்குகளும் இவ்வகையில் நம் வழக்கத்தையே பின்பற்றுகின்றன. 2011-ஆம் ஆண்டின் மக்கட்தொகைக் கணக்கெடுப்பில், ஓராண்டில் ஆறு திங்களும் அதற்கு மேலும் உழைத்தவர் முதன்மை உழைப்பாளர் எனவும், அதனிற் குறைந்தவர் விளிம்புநிலை உழைப்பாளர் எனவும் பிரிக்கப்பட்டனர். தம் வீட்டு வேலையை மட்டுமே செய்வோர் உழைப்பாளர் அல்லாதார் வரிசையில் வைக்கப்பட்டனர். மழையை நம்பி வாழும் மலைநிலத்தில் ஒரே தொழிலை ஆண்டு முழுதும் செய்தல் இயலாது. ஒருவர் மூன்று திங்கள் உழவராகவும், இரண்டு திங்கள் காப்பி பறிப்பவராகவும், எஞ்சிய நாட்களில் வெளியூர்க் கூலியாகவும் இருப்பார். கணக்கெடுப்போர் வரும் நாளில் அவர்க்கு ஒரு தொழிற்பெயர் சூட்டப்படும், மற்றவை மறைந்துபோம். 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டில் முதன்முறையாக நாடு முழுதும் நிகழ்ந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இக்குறையை ஓரளவு காட்டியது. சம்பளமில்லா வீட்டுப்பணியில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகின்றனர் என்பது அதன் முடிபு. நாள்தோறும் ஏறத்தாழ ஐந்து மணிநேரம் செய்யப்படும் ஒன்றைத் தொழிலன்று என்பது எங்ஙனம் பொருந்தும்?

இனி, சிறு தொழில்களை மறைக்க வேண்டும் என்னும் எண்ணம் பெரியோரிடம் இருந்ததா என்று ஆராய்வோம். மிஷன் கல்லூரிகளிற் பயில்வோர் அனைவரும் அறிந்த பெயர் வில்லியம் கேரி என்பது. 1761-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர் பதினான்காம் வயதளவிற் செருப்புத் தைக்கும் தொழிலுக்குப் பயிலுநராகச் சேர்ந்தார். பட்டறைச் சுவரில் தாமே எழுதிய உலகப்படத்தை ஒட்டிவைத்து, தோலைத் தைத்துக்கொண்டே அதனை நோக்கியிருந்தார் என்பர். பின்னர்ப் பள்ளியாசிரியரானார், சபையின் போதகரானார், 1793-இல் வங்காளம் வந்தார், மட்னாபட்டி என்னும் இடத்தில் அவுரிச்சாய ஆலையின் மேற்பார்வையாளராகச் சில ஆண்டு உழைத்தார், 1800-இல் செராம்பூரை அடைந்தார், 1801-இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழியாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே வங்காள மொழியில் புதிய ஏற்பாடும், உரையாடல்கள் அடங்கிய நூலொன்றும் வெளிவந்தன. அவ்வுரையாடல் நூலிற் குடியானவரும் கூலியாட்களும் பெண்டிரும் பேசும் பேச்சு உள்ளவாறே இடம்பெற்றது. புத்தகங்களை மட்டும் படித்த ஒருவர்க்கு அப்பேச்சு கிட்டியிராது. அவுரி ஆலையில் ஆட்களோடு நாள்தோறும் பழகிய காதுக்கே அது கிட்டியதென்று கருதுதல் தவறாகாது. பெரிய விருந்தொன்றிற் படைத்தலைவர் ஒருவர், கேரி முன்னர்ச் செருப்புச் செய்பவராக இருந்தாரல்லரோ என்று அவர் காதுபட இகழ்ந்து வினவியபோது, கேரி தாம் புதுச் செருப்புச் செய்பவருமல்லர், பழஞ் செருப்பைச் செப்பனிடுபவரே என்று விடையிறுத்ததாக அவர் வரலாற்றை எழுதினோர் உரைப்பர். இகழ்ந்தவர் சொல்லியதினும் ஒருபடி கீழிறங்கித் தம் தொழிலைத் தாமே கூறியதால் அவர் மதிப்புக் குன்றவில்லை.

நம் மொழிக்குப் பெருந்தொண்டாற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்களின் வாழ்வும் இவ்வகையில் எண்ணத்தக்கது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-இற் பிறந்து, அமெரிக்க மிஷனார் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற அவர், 1852-இல் கோப்பாயில் ஆசிரியரானார். பெர்சிவல் பாதிரியார் அழைப்பின்மேற் சென்னைக்கு வந்து தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராயினார். இராசதானிக் கல்லூரியிலும் கள்ளிக்கோட்டையிலும் ஆசிரியராயிருந்தார். அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தார். 1871-இற் சட்டத்தேர்விற் பட்டம் பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞரானார். 1887 முதற் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். இத்தனைக்குமிடையே ஏட்டுச்சுவடிகளைத் தேடிக் கண்டு, 1881-இல் வீரசோழியத்தையும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்.

பதவியேறுதலையே பார்ப்பார்க்கு இவ்வரிசை ஆசிரியரிலிருந்து நீதிபதி வரை ஏறிய ஏணியாகத் தோன்றும். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பத்திரிகைத் தொழில் அச்சுக்கூடத்தின் நுட்பத்தைக் காட்டியிருக்கும். கணக்கலுவலகம் ஓரெழுத்துப் பிழையும் பொறாத கண்ணைத் தந்திருக்கும். வழக்கறிஞர் தொழிலோ ஒன்றோடொன்று முரணும் சாட்சிகளுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் பயிற்சியை அளித்திருக்கும். பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடந் தேர்பவர்க்கு இம்மூன்றும் வேண்டுவனவே. எந்தத் தொழில் எந்தத் தொழிலுக்குக் கருவியாகும் என்பது செய்யும் காலத்தில் விளங்காது. திரும்பிப் பார்ப்பவர்க்கே அது விளங்கும்.

வத்தல்மலையின் விளிம்பில் நின்று கீழே நோக்குவார்க்குத் தோன்றும் தருமபுரிச் சமவெளி, பழைய பாராமகால் நாட்டின் ஒரு பகுதியாகும். திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையால் 1792-இல் அந்நாடு கும்பினியார் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீட் என்பவரின்கீழ் உதவியாளராக அமர்ந்தவர் தாமஸ் மன்றோ. 1780-இற் சாதாரணப் படைப் பயிலுநராக நம் நாட்டிற்கு வந்த அவர், பிற்காலத்தில் 1820 முதல் 1827-இல் இறக்கும் வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக விளங்கினார். ஆயினும் ஏழாண்டு காலம் இப்பகுதியிற் குடியானவரோடு பேசி நிலவரி அமைத்த சிறிய பதவியிலேயே அவர் மனம் தோய்ந்திருந்தது. 1799-இற் கன்னடக் கடற்கரைக்கு உயர்ந்த பதவியிற் செல்ல நேர்ந்தபோது அவருக்கு இந்நாட்டைப் பிரிய மனமில்லை. அவரும் ரீடும் நிலத்தை வயல்வயலாக அளந்து பதிவு செய்தனர். அந்நிலத்தில் உழைத்தோர் வாழ்வில் எத்தனை தொழில் செய்தனர் என்று பதிந்துவைக்கும் வேலை எவர்க்கும் அளிக்கப்படவில்லை. அவ்வேலை இன்றும் எஞ்சியே நிற்கின்றது.

இதே வட்டாரத்திற் பிறந்த மற்றொருவர் இராஜாஜி. 1878-இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த அவர், சேலத்தில் வழக்கறிஞராகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்து, 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக விளங்கினார். அப்பதவி ஒழிந்தபின் மத்திய அமைச்சருள் ஒருவராகவும், 1952-இற் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும் பணியாற்றினார். உச்சியில் இருந்தவர் ஒருபடி கீழிறங்கினால் இழிவு என்று அவர் எண்ணவில்லை. ஒருவர் செய்த தொழில்களை ஏறுவரிசையாகவே எழுத வேண்டும் என்னும் நம் ஆசைக்கு இவ்வரலாறு தக்க மறுமொழியாகும்.

இங்குச் சிலர் தடை கூறலாம். ‘கேரியும் தாமோதரம் பிள்ளையும் தாமே விரும்பித் தொழில் மாறினர். மலைவாழ் கூலியாளோ வயிற்றுப்பசியால் மாறினார். அதனைத் திரும்பிப் பார்த்து அவர் பெறுவது வேதனையன்றி வேறென்ன?’ என்பது அவர் கூற்று. இத்தடை வலியுடையது, இதனைத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. எல்லாத் தொழிலும் பெருமைக்குரியன என்று யாம் கூறவில்லை. வட்டிக்கடனுக்காகக் கொத்தடிமையாகச் செய்த வேலை பெருமைக்குரியதன்று. 1976-ஆம் ஆண்டின் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. பள்ளியில் இருக்க வேண்டிய சிறுவர் ஆட்டின் பின்னே அலைந்ததும் பெருமைக்குரியதன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் அச்சிறுவர்க்குப் பள்ளியை உரிமையாக்கியது. ஆயினும் பெருமையில்லாதவற்றையும் பட்டியலில் எழுதவே வேண்டும். எழுதாவிடின் அநீதி நிகழ்ந்ததற்குச் சாட்சி இல்லாது போகும்.

வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களின் வாழ்வை நோக்குக. தூத்துக்குடியில் வழக்கறிஞர், 1906-இற் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவிய வணிகர், 1908-இல் தண்டனை பெற்றுக் கோயம்புத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்த கைதி, 1912-இல் விடுதலையானபின் சென்னையிற் சிறுகடை வைத்தவர், மீண்டும் வழக்கறிஞர். இவற்றுட் செக்கிழுத்தல் அவர் விரும்பி ஏற்ற தொழிலன்று. அவரைச் சிறுமைப்படுத்தும் பொருட்டுச் சுமத்தப்பட்டது. ஆயினும் தம் வரலாற்றைச் செய்யுளில் எழுதியபோது சிறைத் துன்பங்களை அவர் மறைத்தாரல்லர். அவர் இழுத்த செக்கு இன்று சென்னைக் கிண்டியிலுள்ள காந்தி மண்டபத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அதனைக் காண்பவர் அவரை இகழ்வதில்லை. இழுக்கச் செய்தோரையே இகழ்கின்றனர். கூலியாளின் பட்டியலும் இவ்வாறே. அதிலுள்ள இழிவு உழைத்தவரைச் சாராது, குறைந்த கூலி கொடுத்தவரையும் அதனைக் கண்டும் காணாதிருந்தவரையுமே சாரும்.

இரண்டாவது தடை நம் மாணவர் கூறுவது. ‘கடந்ததை எண்ணுவதிற் பயன் என்ன? நல்ல உத்தியோகம் ஒன்றைப் பெற்று முன்னேறுதலன்றோ நன்று?’ என்பர். நல்ல உத்தியோகம் பெறுதலை யாம் தடுக்கவில்லை. மலையிலிருந்து படிக்க வந்தவர்க்கு அது மிகவும் வேண்டுவதே. ஆனால் இக்காலத்தில் ஒரே நாற்காலியிற் சேர்ந்து அதிலேயே ஓய்வுபெறும் வாழ்க்கை சிலர்க்கே வாய்க்கின்றது. பெரும்பாலோர் ஒப்பந்தம் முடிந்தவுடன் வேறிடம் தேடுகின்றனர். ஒரே வேலையை மட்டும் வாழ்வென நம்பியவர் அது நீங்கிய நாளில் தாமே நீங்கியதாக மனமுடைகின்றார். தம் தந்தை பருவந்தோறும் தொழில் மாற்றி, எதிலும் கைத்திறன் குன்றாது குடும்பத்தைக் காத்தார் என்பதை அறிந்த மகனோ, வேலை இழந்த நாளில் அவ்வளவு கலங்கான். மலையோரின் பல்தொழில் வாழ்க்கையைப் பின்தங்கிய வாழ்க்கை என்றோம். நகரத்து இளைஞர் இன்று அதனையே வேறு பெயரில் வாழ்கின்றனர்.

அவ்வாறாயின், செய்த தொழில்களை எண்ணும் முறை யாது? ஒவ்வொரு தொழிலுக்கும் நேராக நான்கு செய்திகளை எழுதுதல் போதும். முதலாவது, அதனைக் கற்பித்தவர் யார் என்பது. எத்தொழிலையும் எவரும் தாமே கற்றிலர். பழம் பறிக்கக் கற்பித்த அண்டைவீட்டு அக்காளும் ஓர் ஆசிரியரே. இரண்டாவது, அதிற் கிடைத்த கூலி. கூலியின் அளவை எழுதிவைத்தல் நாணத்தக்கதன்று. பின்வருவோர்க்கு அது வரலாற்றுச் சான்றாகும். மூன்றாவது, அவ்வுழைப்பால் நன்மை பெற்றவர் யார் என்பது. பறித்த காப்பி எங்கோ ஒரு நகரத்தாரின் காலைப் பொழுதை இனிதாக்கியது. உடைத்த கல்லின்மேல் இன்று பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். நான்காவது, அத்தொழிலை விட்ட காரணம். ஊதியம் போதாமையா, உடல் நலிவா, மழை பொய்த்தமையா, அவமதிப்பா என்பதை உள்ளவாறு எழுதுக. இந்நான்கும் ஒருசேர எழுதப்படின் ஒரு குடும்பத்தின் வரலாறு மட்டுமன்றி ஒரு மலையின் வரலாறும் அதனுள் அடங்கிவிடும்.

திருமறையை அறிந்தார்க்கு இஃது அந்நியமான கருத்தன்று. ஆமோஸ் தம்மைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொள்ள மறுத்து, மந்தை மேய்த்ததையும் காட்டத்திப்பழத் தொழிலையும் எடுத்துக் கூறினார். பவுல் அப்போஸ்தலர் சபைகளை நிறுவிய காலத்தும் கூடாரம் செய்யுந் தொழிலைக் கைவிட்டாரல்லர். நாசரேத்தூராரோ, இயேசு பெருமானைத் தச்சர் என்று இகழ்ச்சியாகவே குறித்தனர். அவ்விகழ்ச்சியை நற்செய்தி எழுதினோர் மறைக்கவில்லை.

ஆதலின் நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றோம். சேர்க்கை விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்று ஒரு வரி இருக்கின்றது. மலையூர்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் அவ்வரியிற் ‘கூலி’ என்று எழுதி விரைவாக அடுத்த வரிக்குச் செல்கின்றனர். தாயின் தொழிலுக்கு நேராகச் சிலர் ‘இல்லை’ என்றே எழுதிவிடுகின்றனர். அவ்விடத்தை ஒரு வரியாக விடாமல் ஒரு பக்கமாக்குதல் வேண்டும். அலுவலகத்தார் அதற்கு இசையாராயின், தமிழ்த்துறையினர் அதனை மேற்கொள்ளலாம். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் ஊர் சென்று, தம் தந்தையும் தாயும் பிறந்தது முதற் செய்த தொழில்கள் அனைத்தையும் அவர் வாய்மொழியாகக் கேட்டு, மேற்கூறிய நான்கு செய்திகளோடு எழுதிவரச் செய்தல் வேண்டும். பெற்றோர் இசைந்தால் அவ்வேடுகளை நூல்நிலையத்தில் ஒரு தனி அலமாரியில் வைத்துக் காக்கலாம். பழைய ஏட்டுச்சுவடிகள் செல்லரித்து அழிவதைக் கண்டு தாமோதரம் பிள்ளை அவர்கள் தம் பதிப்புரையில் வருந்தி எழுதினார். இம்முதியோர் நினைவும் அத்தகைய சுவடியே. காப்பி வருமுன் மலை எவ்வாறிருந்தது, சாலை வருமுன் சுமை எவ்வாறு இறங்கியது என்பவற்றைக் கண்டவர் இன்னும் சில ஆண்டுகளே நம்மிடை இருப்பர்.

வத்தல்மலை முதலிய இடங்களிலிருந்து இக்கல்லூரிக்கு வந்துள்ள மாணவ நண்பர்காள்! உங்கள் வகுப்பில் மருத்துவரின் மகனும் ஆசிரியரின் மகளும் அமர்ந்திருப்பர். அவர் தந்தையர்க்குத் தொழில் ஒன்று. உங்கள் தந்தையர்க்கு அது பத்து அல்லது பதினைந்து. வினவுவார்க்கு அவற்றை ஒன்றொன்றாகச் சொல்லுங்கள். கேட்பவர் பொறுமையிழந்தால் அது அவர் குறை. நாளை நீங்கள் எப்பதவியில் அமர்ந்தாலும், உங்கள் முன்னே கைகட்டி நிற்கும் ஒருவரிடம் ‘என்ன வேலை செய்கிறீர்?’ என்று கேட்க நேரும். அவர் ‘கூலி’ என்பார். அச்சொல்லோடு நிறுத்திவிடாது, ‘என்னென்ன வேலை செய்திருக்கிறீர், சொல்லும்’ என்று அடுத்த வினாவையும் கேளுங்கள். அவ்வினாவைக் கேட்கும் மனம் உங்களுக்கு வாய்க்குமாயின், உங்களைப் படிக்கவைக்க உங்கள் பெற்றோர் செய்த தொழில்கள் யாவும் பயன்பெற்றன என்று கொள்ளலாம்.